மரணச் சம்பவ இடத்தில் டிஜிட்டல் கருவிகள்: எதை முதலில் எடுப்பது, எதை எவ்வளவு நம்புவது

மரணம் நடந்த இடத்துக்குக் கருவிகளோடு போகும் குழு பெரும்பாலும் முதலில் திறப்பது விலை அதிகமான பெட்டியைத்தான். லேசர் ஸ்கேனர் முக்காலியில் ஏறும். அறையைச் சுற்றிச் சுற்றி அளக்கும். கண்ணைக் கவரும் முப்பரிமாண மாதிரி ஒன்று கிடைக்கும். அதற்குள் ஒரு மணி நேரம் ஓடியிருக்கும். சுவர் எங்கேயும் போய்விடாது. ஆனால் உடலின் வெப்பம் இறங்கியிருக்கும். கதவைத் திறந்து வைத்ததில் அறையின் வெப்பமும் மாறியிருக்கும். மேசை மேல் திறந்து கிடந்த லேப்டாப் தானாகவே பூட்டிக்கொண்டிருக்கும்.

கணினித் தடயவியலில் இதற்கு ஒரு விதி உண்டு: எது சீக்கிரம் அழியுமோ, அதை முதலில் எடு. 2002-இல் வெளிவந்த ஆர்எஃப்சி 3227 என்ற வழிகாட்டி ஆவணம் அதைத் தெளிவாக எழுதி வைத்தது. தற்காலிக நினைவகத்தில் இருப்பது முதலில், ஹார்ட் டிஸ்கில் இருப்பது அதற்குப் பிறகு. கணினிக்காகச் சொன்ன இந்த விதி, உடல் கிடக்கும் அறைக்கும் அப்படியே பொருந்தும் என்பது என் கட்சி. கீழே உள்ள படிகளைப் பெரும்பாலும் அந்த வரிசையில்தான் அமைத்திருக்கிறேன்; படி 8-இல் ஒன்றாகச் சேர்த்துச் சொல்லும் கருவிகளில் சீக்கிரம் அழியக்கூடியவை மட்டும் விதிவிலக்கு, அவற்றை முன்பே கவனித்துவிட வேண்டும். கருவியின் விலையோ புதுமையோ வரிசையைத் தீர்மானிக்கவில்லை.

ஒரு எச்சரிக்கை. உடலைத் தொடவும், அசைக்கவும், இறந்தவரின் கருவிகளைத் திறக்கவும் யாருக்கு அதிகாரம் என்பது நாட்டுக்கு நாடு மாறும். இங்கே சொல்வது எல்லாம் அந்த அதிகாரம் கையில் இருக்கிறவர்களுக்கு.

படி 1: கிளம்பும் முன் கடிகாரத்தைச் சரிபாருங்கள்

நீங்கள் கொண்டுபோகும் ஒவ்வொரு கருவிக்குள்ளும் ஒரு கடிகாரம் இருக்கிறது. கேமரா, ஸ்கேனர், வெப்பமானி, ட்ரோன், குரல் பதிவுக் கருவி எல்லாம் தத்தமது நேரத்தை ஒவ்வொரு கோப்பிலும் எழுதிக்கொண்டே போகும். செல்போன் நெட்வொர்க்கிலிருந்து நேரத்தைத் திருத்திக்கொள்ளும். கேமரா அப்படிச் செய்யாது. பேட்டரியைக் கழற்றி வைத்திருந்தால் ஆண்டே தப்பாகக் காட்டும் கேமராக்கள் உண்டு.

இதற்கு எளிய வழி இருக்கிறது. ஜிபிஎஸ் அல்லது நெட்வொர்க் நேரத்தை நொடியோடு காட்டும் திரை ஒன்றை, எல்லாக் கேமராக்களாலும் முதல் படமாக எடுங்கள். வேலை முடிந்ததும் கடைசிப் படமாகவும் அதையே எடுங்கள். கேமராவின் கடிகாரம் எவ்வளவு பிசகினாலும், அந்த இரண்டு படங்களை வைத்து நடுவில் உள்ள அத்தனையையும் சரிசெய்துகொள்ளலாம்.

மெமரி கார்டுகள் காலியாக இருக்கட்டும். கேமராவில் படங்களின் வரிசை எண் கார்டு மாறினாலும் தொடரும்படி அமைத்துக்கொள்ளுங்கள். ரா (கேமரா திருத்தாமல், சுருக்காமல் சேமிக்கும் மூல வடிவம்), ஜேபெக் இரண்டு வடிவிலும் பதிவாகட்டும். வெப்பமானிக்கு அளவுத்திருத்தச் சான்று எப்போது காலாவதியாகிறது என்று பாருங்கள். நீதிமன்றத்தில் முதலில் கேட்கப்படும் கேள்விகளில் அது ஒன்று.

படி 2: வாசலில் நின்று காற்றை அளங்கள்

டிஜிட்டல் கருவி என்றால் கேமராவும் ஸ்கேனரும் மட்டும்தான் என்று நினைத்துவிடுகிறோம். சட்டையில் மாட்டிக்கொள்ளும் வாயு அளவியும் அதில் சேர்த்திதான், முதலில் வேலை செய்ய வேண்டியதும் அதுதான். மூடிய அறையில் கரி எரிந்திருக்கலாம், ஜெனரேட்டர் ஓடியிருக்கலாம், ரசாயனங்கள் கலக்கப்பட்டிருக்கலாம், கழிவுத் தொட்டியாக இருக்கலாம். வழக்கமான நான்கு வாயு அளவியில் கார்பன் மோனாக்சைடுக்கு 35 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 35 பங்கு), ஹைட்ரஜன் சல்பைடுக்கு 10 பிபிஎம், ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் என்று எச்சரிக்கை ஒலிகள் வைத்திருப்பார்கள். நான்காவது, தீப்பற்றும் வாயுவுக்கானது.

ஹைட்ரஜன் சல்பைடு விஷயத்தில் மூக்கை நம்பவே கூடாது. அழுகிய முட்டை நாற்றம் முதலில் வரும். சுமார் 100 பிபிஎம் அளவில் முகரும் திறனையே அது செயலிழக்கச் செய்துவிடும். நாற்றம் நின்றுவிட்டது என்று உள்ளே போனவர்களையும் சேர்த்துத் தூக்கி வந்த சம்பவங்கள் தொழிற்சாலைகளிலும் கழிவுத் தொட்டிகளிலும் ஏராளம்.

அளவி காட்டிய எண்ணைப் படம் எடுத்து வையுங்கள். அது உங்கள் பாதுகாப்புக்கு மட்டுமல்ல, மரண காரணத்துக்கும் தடயம். ஜன்னல்களைத் திறந்து காற்றோட்டம் விட்ட பிறகு அந்த எண் திரும்பக் கிடைக்காது.

படி 3: முதல் சில நிமிடங்கள்

உள்ளே காலடி வைக்கும் பாதையைத் தீர்மானித்ததும், 360 டிகிரி கேமராவை ஒரு கம்பில் மாட்டி அறையின் நடுவில் நீட்டி ஒரு படம் எடுங்கள். பிறகு மெதுவாக ஒரு வீடியோ, பேச்சில்லாமல். மைக்கை அணைத்துவிடுவது நல்லது. பின்னணியில் யாரோ சிரித்ததும், யாரோ "இது தற்கொலைதான்" என்று முணுமுணுத்ததும் பல ஆண்டுகள் கழித்து ஒலிபெருக்கியில் வரும்.

இந்தச் சுற்றில் தேட வேண்டியது உடலை அல்ல, மாறக்கூடியவற்றை. விளக்கு எரிந்ததா? மின்விசிறி எந்த வேகத்தில்? ஏசி ஓடியதா, எத்தனை டிகிரியில்? ஜன்னல் தாழ்ப்பாள் எந்தப் பக்கம்? அடுப்புக் குமிழ்? ஓடிக்கொண்டிருந்த திரைகளில் என்ன இருந்தது? முதலில் வந்தவர்கள் எதைத் தொட்டார்கள், எந்த சுவிட்சைப் போட்டார்கள் என்று அங்கேயே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஆம்புலன்ஸ் ஊழியர்கள் ஒட்டிவிட்டுப் போன இசிஜி பட்டைகளைக்கூட யாரும் பிடுங்கக் கூடாது.

படி 4: வெப்பநிலை

இந்தப் படியில் கொஞ்சம் நிற்கிறேன். மொத்தப் பெட்டியிலும் விலை குறைந்த கருவி தருகிற தகவல்தான் பல வழக்குகளில் பாரம் தூக்குகிறது.

இறந்த நேரத்தைக் கணிக்க உடலின் உள்வெப்பம் வேண்டும். நெற்றியில் காட்டி அளக்கும் அகச்சிவப்புத் துப்பாக்கி இதற்கு உதவாது. அது தோலின் மேற்பரப்பை மட்டும் பார்க்கிறது, அதுவும் தோலின் ஈரம், தூரம் இவற்றைப் பொறுத்து மாறும். தெர்மல் கேமராவும் அப்படித்தான். படம் வண்ணமயமாக இருக்கும், இறந்த நேரம் அதில் இருக்காது. ஆசனவாயின் வழியே ஆழமாகச் செலுத்தக்கூடிய, நீண்ட ஆய்முனை உள்ள மின்னணு வெப்பமானிதான் வேண்டும். பாலியல் வன்முறை நடந்திருக்கச் சிறிதளவு வாய்ப்பிருந்தாலும், மாதிரிகள் எடுத்து முடிக்கும்வரை அதைச் செலுத்தக் கூடாது. உள்வெப்பத்தை அளக்கலாமா, எப்போது என்ற முடிவை மருத்துவர் எடுக்கட்டும்.

அளந்ததும் பலர் கையில் எடுப்பது ஹென்ஸ்கே முறையில் கணக்குப் போடும் செயலி. ஜெர்மானிய மருத்துவர் கிளாஸ் ஹென்ஸ்கே உருவாக்கிய வரைபடம் 1980-களிலிருந்து புழக்கத்தில் இருக்கிறது. இன்று அது செல்போனில் நான்கு பெட்டிகளாகச் சுருங்கிவிட்டது: உடல் வெப்பம், சுற்று வெப்பம், எடை, திருத்தக் காரணி. நான்கையும் நிரப்பினால் ஒரு எண் வரும். ஆபத்து அந்த எண் வருகிற சுலபத்தில்தான்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எடை 70 கிலோ, உடையில்லை, காற்றசைவில்லை, உள்வெப்பம் 31 டிகிரி செல்சியஸ். அறை வெப்பம் 22 டிகிரி என்று கொடுத்தால் இறந்து சுமார் 12 மணி நேரம் என்று விடை வரும். ஆனால் முதலில் வந்தவர் ஏசியை அணைத்துவிட்டார், அதுவரை அறை 19 டிகிரியில் இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே உடலுக்கு விடை சுமார் 10 மணி நேரம். மூன்று டிகிரி பிசகு இரண்டு மணி நேரத்தை நகர்த்திவிட்டது. சந்தேகத்துக்குரிய ஒருவர் அந்த இரண்டு மணி நேரத்தில் எங்கே இருந்தார் என்பதில்தான் வழக்கே இருக்கலாம்.

இதற்கு மேல் ஒன்று. இந்த முறையின் மிகச் சாதகமான சூழலிலேயே 95 சதவீத நம்பக எல்லை, முன்பின்னாக 2.8 மணி நேரம். ஆக, 12 என்று செயலி சொன்னால் அறிக்கையில் எழுத வேண்டியது "ஏறத்தாழ 9 முதல் 15 மணி நேரத்துக்கு முன்". உடை, போர்வை, ஈரம், காற்று எல்லாம் திருத்தக் காரணியாக உள்ளே போகும். அதை அளக்கக் கருவி இல்லை, கண்ணால் பார்த்து எடைபோடுவதுதான். எல்லை அதனால் இன்னும் விரியும். வெயிலில் கிடந்த உடல், இடம் மாற்றப்பட்ட உடல், காய்ச்சலோடு இறந்தவர் என்றால் இந்தக் கணக்கையே போடாதீர்கள்.

எனவே: அறை வெப்பத்தை உடலுக்குப் பக்கத்தில், உடல் இருக்கும் அதே உயரத்தில், நுழைந்தவுடன் ஒருமுறை எடுங்கள். தரையின் வெப்பத்தையும் எடுங்கள். ஒவ்வொரு அளவையும் வெப்பமானியின் திரை, கடிகாரம், இடம் மூன்றும் ஒரே சட்டத்தில் விழும்படி படம் பிடியுங்கள். உடல் வெப்பத்தை ஒரு மணி நேரம் கழித்து இன்னொரு முறை அளப்பது நல்ல பழக்கம்.

டேட்டா லாகர் என்ற சிறிய கருவி, வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் தானாகக் குறித்துக்கொண்டே இருக்கும். அதை நுழைந்தவுடன் ஒரு மூலையில் வைத்துவிடுங்கள். நீங்கள் இருந்த நேரத்தில் அறை எப்படி மாறியது என்பது அதில் கோடாகத் தெரியும். உடலில் புழுக்கள் இருந்தால் இதன் மதிப்பு பல மடங்கு. பூச்சியியலாளர் புழுவின் வயதைக் கணக்கிட, கடந்த நாட்களின் வெப்பநிலை தேவை. அது அருகிலுள்ள வானிலை நிலையத்தில்தான் கிடைக்கும். சம்பவ இடத்தில் லாகரைச் சில நாட்கள் விட்டுவைத்து, அதே நாட்களின் நிலையப் பதிவோடு ஒப்பிட்டால், இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று தெரியும். அந்த வித்தியாசத்தைப் பழைய நாட்களுக்கும் பொருத்தலாம். திரண்டு கிடக்கும் புழுக் கூட்டம் சுற்றியுள்ள காற்றைவிட வெகு சூடாக இருக்கும். அதன் நடு வெப்பத்தைத் தனியே அளக்க மறக்க வேண்டாம்.

படி 5: உடலைப் படமெடுப்பது

முழு இடம், நடுத்தூரம், நெருக்கம் என்ற மூன்று அடுக்கு வரிசை ஃபிலிம் காலத்திலிருந்தே உள்ளது, டிஜிட்டலில் மாற்ற வேண்டியதில்லை. நெருக்கப் படம் ஒவ்வொன்றையும் இருமுறை எடுங்கள்: அளவுகோல் இல்லாமல் ஒன்று, வைத்து ஒன்று. அளவுகோல் எதையோ மறைத்தது என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

காயங்களுக்கு எல் வடிவ அளவுகோல் வேண்டும். ஏபிஎஃப்ஓ எண் 2 என்று தடயவியல் பல் மருத்துவர்கள் வழங்கும் அளவுகோலில் மூன்று வட்டங்கள் அச்சிடப்பட்டிருக்கும். படத்தில் அந்த வட்டங்கள் முட்டை வடிவில் தெரிந்தால் கேமரா சாய்ந்திருந்தது என்று பொருள். எவ்வளவு சாய்வு என்று கணக்கிட்டுத் திருத்தவும் அதே வட்டங்கள் உதவும். அளவுகோல் காயத்தின் அதே தளத்தில் இருக்க வேண்டும். முழங்கை வளைவில் உள்ள காயத்துக்குப் பக்கத்துத் தரையில் அளவுகோலை வைத்து எடுத்த படத்தால் பயனில்லை.

நிறத்துக்கு ஒரு வண்ண அட்டை வையுங்கள். இறந்த பின் உடலின் தாழ்ந்த பக்கத்தில் ரத்தம் தேங்கித் தோன்றும் நிறம் சாதாரணமாக ஊதா கலந்திருக்கும். கார்பன் மோனாக்சைடு நச்சில் அது செர்ரிப் பழச் சிவப்பாகலாம். குளிரில் கிடந்த உடலிலும் இளஞ்சிவப்பு வரலாம். மஞ்சள் பல்பு வெளிச்சத்தில், தானியங்கி வெள்ளைச் சமநிலையில் எடுத்த படத்தில் இந்த வேறுபாடு கரைந்துபோகும். வண்ண அட்டை ஒரு சட்டத்தில் இருந்தால், பின்னால் ரா கோப்பிலிருந்து உண்மை நிறத்தை மீட்கலாம்.

ஒரு சிறு வீடியோ உத்தி. ரத்தம் தேங்கிய இடத்தைக் கையுறை விரலால் சில நொடி அழுத்தி எடுங்கள், கேமரா ஓடட்டும், கடிகாரம் சட்டத்தில் இருக்கட்டும். இடம் வெளிறி, மறுபடி நிறம் திரும்புகிறதா, இல்லையா, எவ்வளவு மெதுவாக? குறிப்பேட்டில் "அழுத்தினால் வெளிறியது" என்ற இரண்டு சொல்லில் அடங்காதது அந்தப் பத்து நொடி வீடியோவில் இருக்கும். பொதுவாக 8 முதல் 12 மணி நேரத்துக்குள் நிறம் நிலைத்துவிடும் என்று பாடநூல்கள் சொல்லும், விதிவிலக்குகள் நிறைய. உடல் மல்லாந்து கிடக்கிறது, நிலைத்த நிறமோ மார்பில் இருக்கிறது என்றால், யாரோ புரட்டியிருக்கிறார்கள். விறைப்பை மட்டும் படத்தில் பார்த்து மதிப்பிட முடியாது. மூட்டைத் தொட்டு அசைத்தவர்தான் சொல்ல வேண்டும், நேரத்தோடு.

எடுத்த எந்தப் படத்தையும் அழிக்காதீர்கள். மங்கியது, விரல் மறைத்தது, தரையை எடுத்தது எல்லாம் இருக்கட்டும். 0147-க்குப் பிறகு 0149 வந்தால், 0148 எங்கே என்ற கேள்வி ஒரு முழு நாள் குறுக்கு விசாரணையாக நீளும்.

படி 6: வேறு ஒளியில் பார்ப்பது

சுமார் 450 நானோமீட்டர் நீல ஒளியும் ஆரஞ்சுக் கண்ணாடியும் சேர்ந்தால் விந்து, உமிழ்நீர் கறைகள் ஒளிரலாம். ரத்தம் ஒளிராது. அது 415 நானோமீட்டர் அருகே ஒளியை வலுவாக உறிஞ்சி இருட்டாகத் தெரியும். கறுப்புத் துணியில் கண்ணுக்குத் தெரியாத ரத்தக் கறைக்கும் துப்பாக்கிப் புகைக்கரிக்கும் அகச்சிவப்புப் படம் கைகொடுக்கும்; துணியின் சாயம் படத்தில் வெளுத்துவிட, கறை கறுப்பாக நிற்கும்.

ஊதா, நீல ஒளியில் வெளித்தெரியாத கன்றல் காயங்களும் தெரியவரும். ஆனால் அங்கே தெரிகிற ஒவ்வொரு கறுப்புத் திட்டும் காயம் அல்ல. பழைய தழும்பு, மச்சம், தோலில் பூசிய கிரீம் எல்லாம் அப்படித் தோன்றலாம். "இந்த ஒளியில் உறிஞ்சும் பகுதி" என்று எழுதுங்கள், "கன்றல்" என்று உடற்கூறாய்வு சொல்லட்டும். குறுகிய அலைநீளப் புற ஊதா விளக்கு டிஎன்ஏவைச் சிதைக்கும். மாதிரி எடுக்கும் முன் அதை அந்தக் கறை மேல் காட்டவே வேண்டாம்.

படி 7: இப்போது முப்பரிமாணம்

ஸ்கேனரின் முறை இங்கேதான் வருகிறது. நிலத்தில் நிறுத்தும் லேசர் ஸ்கேனர் சில மில்லிமீட்டர் துல்லியத்தில் ஒரு அறையைப் பிடித்துவிடும். ஒரு நிலையிலிருந்து பார்த்தால் சோபாவின் பின்புறம் நிழலாகிவிடும் என்பதால் பல நிலைகளிலிருந்து எடுத்து ஒன்றுசேர்க்க வேண்டும். கண்ணாடி, நிலைக்கண்ணாடி, ஈரத் தரை மூன்றும் லேசரை ஏமாற்றும். நிலைக்கண்ணாடிக்குப் பின்னால் இல்லாத அறை ஒன்று முளைத்திருப்பதைப் பார்த்தால் பயப்பட வேண்டாம். குறுக்கே நடந்த ஆட்கள் பேய் நிழலாய்ப் பதிவாவார்கள். ஸ்கேன் ஓடும்போது எல்லோரும் வெளியே.

ஸ்கேனர் இல்லாத இடங்களில் சாதாரணக் கேமராவும், பல படங்களை இணைத்து முப்பரிமாண மாதிரி செய்யும் ஃபோட்டோகிராமெட்ரி மென்பொருளும் பெரும்பகுதி வேலையைச் செய்யும். பக்கத்துப் படங்கள் ஒன்றோடொன்று 60 முதல் 80 சதவீதம் மேற்பொருந்த வேண்டும். ஜூமைத் தொடாதீர்கள், ஃபோகஸைப் பூட்டுங்கள், கேமராவில் மாட்டிய ஃபிளாஷ் வேண்டாம் (நிழல் ஒவ்வொரு படத்திலும் இடம் மாறி மென்பொருளைக் குழப்பும்). நீளம் தெரிந்த கோல்கள் இரண்டாவது வையுங்கள்: ஒன்று அளவை நிர்ணயிக்க, மற்றது சரிபார்க்க.

2020-இலிருந்து ஐபேட் ப்ரோ, ஐபோன் 12 ப்ரோ போன்றவற்றில் லைடார் என்ற, லேசரால் தூரம் அளக்கும் சென்சார் வந்துவிட்டது. அதன் எட்டும் தூரம் சுமார் 5 மீட்டர், பிழை சென்டிமீட்டர்களில். அறையின் அமைப்பை விரைவாகக் காட்ட நல்லது. காயத்தின் நீளத்துக்கோ ரத்தத் துளிக்கோ அதைப் பயன்படுத்தினால், வழக்கைக் கெடுப்பீர்கள்.

எந்தக் கருவியானாலும் ஒரு சோதனை: கதவின் அகலத்தை டேப்பால் அளந்து, படமெடுத்து வையுங்கள். பிறகு மாதிரியில் அதே கதவை அளங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் அறிக்கையில் வர வேண்டிய துல்லியம். நிறுவனத்தின் விளம்பரத் தாளில் உள்ளது அல்ல.

திறந்தவெளியில் ட்ரோன் மிகப் பயன்படும், ஆனால் அதன் இறக்கைக் காற்று உலர்ந்த இலை, முடி, துணித் துணுக்கு எல்லாவற்றையும் பறக்கவிடும். உயரத்தில் தொடங்கி, லேசான தடயங்கள் சேகரிக்கப்பட்ட பிறகு மட்டும் கீழே இறங்குங்கள்.

படி 8: அறையில் இருக்கும் மற்ற சாட்சிகள்

போன். ஆன் ஆகியிருந்தால் அப்படியே விடுங்கள், அணைந்திருந்தால் அணைந்தே கிடக்கட்டும். இறந்தவரின் விரலை எடுத்து சென்சாரில் வைத்துப் பார்க்கும் ஆசை பலருக்கு வரும். அதிகாரம் இல்லாமல் செய்தால் சட்டச் சிக்கல். சில தவறான முயற்சிகளுக்குப் பிறகு போன் கைரேகையை ஏற்காமல் கடவுச்சொல் கேட்கும். விரலில் இருந்த தடயமும் போகும். ஆன் செய்த பிறகு ஒருமுறையாவது பூட்டுத் திறக்கப்பட்டு ஓடிக்கொண்டிருக்கும் போனிலிருந்து எடுக்க முடிகிற தரவு, அணைத்துப் போட்ட போனில் கிடைக்காது. தொலைவிலிருந்து அழித்துவிடாமல் இருக்க, ஃப்ளைட் மோடு போடுங்கள், முடியாவிட்டால் அலைகளைத் தடுக்கும் ஃபாரடே பையில் இடுங்கள். பைக்குள் போன் நெட்வொர்க்கைத் தேடித் தேடி பேட்டரியைத் தின்னும், எனவே பவர் பேங்கையும் அதற்குள்ளேயே இணைத்து வையுங்கள். ஐஓஎஸ் 18.1-இலிருந்து ஐபோன்கள் மூன்று நாள் திறக்கப்படாமல் இருந்தால் தானாகவே மறுதொடக்கம் ஆகும்; பிறகு அதுவும் அணைத்துப் போட்ட போன் மாதிரிதான். ஆண்ட்ராய்டிலும் 2025-இல் அதேபோன்ற வசதி வந்தது. சான்று அறை அலமாரியில் போன் வாரக்கணக்கில் காத்திருந்த காலம் முடிந்தது. ஆய்வகத்துக்கு அன்றே கொண்டுபோங்கள்.

ஸ்மார்ட் கைக்கடிகாரம், ஃபிட்னஸ் பட்டை. இதயத் துடிப்பு, அடிகள், தூக்கம் எல்லாம் இதில் இருக்கும், பெரும்பாலும் போனிலோ நிறுவனத்தின் சர்வரிலோ பிரதி இருக்கும். கடைசித் துடிப்பு பதிவான நேரத்தை இறந்த நேரமாக எழுதிவிடாதீர்கள். ஒளியால் துடிப்பை அறியும் சென்சார், உயிரில்லாத பொருள் மேல் கட்டினாலும் சில நேரம் ஒரு எண்ணைக் காட்டும். கழற்றி வைத்திருந்தாலும், சார்ஜ் தீர்ந்தாலும் பதிவு நின்றுவிடும். அடிகள், போனின் அசைவு, திரை திறந்த நேரம் ஆகியவற்றோடு பொருத்திப் பார்த்தால்தான் அதற்குப் பலம்.

மருத்துவக் கருவிகள். பேஸ்மேக்கரில் கடைசி இதயத் தாளக் கோளாறு பதிவாகியிருக்கலாம். அதைப் படிக்கும் கருவி நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு. அதிர்ச்சி கொடுக்கும் வகைக் கருவியாக இருந்தால், செயலிழக்கச் செய்யாமல் உடற்கூறாய்வில் வெட்டினால் மருத்துவரின் கைக்கு மின்னதிர்ச்சி வரலாம். தகனம் செய்யும் முன் எடுக்காவிட்டால் வெடிக்கலாம். சர்க்கரையைத் தொடர்ந்து அளக்கும் சென்சார் சில நிமிடங்களுக்கு ஒரு அளவைச் சேமிக்கும். இன்சுலின் பம்பும், தூக்கத்தில் மூச்சுக்கு உதவும் இயந்திரமும் அப்படியே. இவற்றைக் குப்பையோடு குப்பையாக அள்ளிவிடுவது நடக்கிறது.

சிசிடிவி. பதிவுப் பெட்டியின் திரையில் 14:07, உங்கள் நெட்வொர்க் நேரம் 13:52 என்றால், பெட்டி 15 நிமிடம் முந்திப் போகிறது. காட்சியில் தெரியும் நேரத்திலிருந்து 15 நிமிடத்தைக் கழிக்க வேண்டும். இரண்டு திரையையும் ஒரே படத்தில் எடுத்து வையுங்கள். திரையைப் போனால் படம் பிடித்துக்கொண்டு போவது சான்று அல்ல. மூல வடிவிலேயே, அதை ஓடவிட்டுப் பார்ப்பதற்கான மென்பொருளோடு நகலெடுங்கள். பழைய காட்சி மேல் புதியது எழுதப்பட்டுக்கொண்டே இருக்கும் என்பதால் இதையும் தள்ளிப்போட முடியாது. வைஃபை ரவுட்டரின் பதிவுகள் மின்சாரத்தைத் துண்டித்தால் மறைந்துவிடலாம். எந்தப் போன் எப்போது வீட்டில் இணைந்தது என்பது அதில்தான் இருக்கும். பிளக்கைப் பிடுங்கும் முன் டிஜிட்டல் பிரிவைக் கேளுங்கள்.

படி 9: ரத்தத் துளிகளும் மென்பொருளும்

துளியின் அகலத்தை நீளத்தால் வகுத்தால் அது விழுந்த கோணத்தின் சைன் கிடைக்கும். அகலம் 5 மி.மீ., நீளம் 10 மி.மீ. என்றால் 30 டிகிரி. மென்பொருள் இதைப் பல துளிகளுக்குச் செய்து, கோடுகள் சேரும் இடத்தை, அதாவது ரத்தம் கிளம்பிய இடத்தை, காட்டும். அந்தக் கோடுகள் நேர்கோடுகள். உண்மைத் துளி ஈர்ப்பு விசையில் வளைந்து பறக்கிறது. எனவே காட்டப்படும் உயரம் உண்மையைவிட அதிகமாக வரும், அதை மேல் எல்லையாக மட்டும் எழுதுங்கள். அமெரிக்க தேசிய அறிவியல் அகாடமியின் 2009 அறிக்கை, ரத்தக் கறை வடிவ ஆய்வில் உள்ள நிச்சயமின்மை மிகப் பெரியது என்று கடுமையாகவே எழுதியது. திரையில் வரும் பளிச்சென்ற சிவப்புக் கோடுகள் அந்த நிச்சயமின்மையைக் குறைத்துவிடவில்லை.

படி 10: நகல், ஹேஷ், பூட்டு

இடத்தை விட்டுக் கிளம்பும் முன் கார்டில் உள்ள அத்தனை கோப்புகளுக்கும் எஸ்ஹெச்ஏ-256 ஹேஷ் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் அடையாளக் குறியீடு) எடுங்கள். கோப்பில் ஒரு பிட் மாறினாலும் 64 எழுத்துகளில் வரும் அந்தக் கைரேகை முற்றிலும் வேறாகிவிடும். எம்டி5 வேண்டாம், ஒரே ஹேஷ் தரும் இரண்டு வேறு கோப்புகளை உருவாக்க முடியும் என்று 2004-இலேயே காட்டிவிட்டார்கள், எஸ்ஹெச்ஏ-1-க்கு 2017-இல் அதே கதி. ஹேஷ் நிரூபிப்பது ஒன்றே ஒன்று: அதை எடுத்த நொடிக்குப் பிறகு கோப்பு மாறவில்லை. அதற்கு முன் என்ன நடந்தது என்பது அதற்குத் தெரியாது. அதனால்தான் ஆய்வகம் திரும்பும்வரை காத்திருக்கக் கூடாது.

மூலத்தைத் தொடாமல் வையுங்கள், வேலை எல்லாம் நகலில். டிஜிட்டல் சான்றை அடையாளம் காண்பது, சேகரிப்பது, பாதுகாப்பது குறித்த ஐஎஸ்ஓ/ஐஇசி 27037 தரநிலை 2012-லிருந்து இருக்கிறது. உங்கள் பிரிவின் நடைமுறைக் குறிப்பை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

சொந்தப் போனில் ஒரு படம்கூட வேண்டாம். "மேலதிகாரிக்கு உடனே காட்ட" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பும் படம் சுருக்கப்பட்டு, எடுத்த நேரமும் கேமரா விவரமும் உரிக்கப்பட்டு, சான்றாக எதற்கும் உதவாத நிலையில் போய்ச் சேரும். அங்கிருந்து எத்தனை குழுக்களுக்குப் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. இறந்தவரின் பிள்ளைகள் தகவலை அறியும் முன் படத்தைப் பார்த்துவிடுகிறார்கள். ஒழுங்கு நடவடிக்கை எடுக்க வேண்டிய குற்றமாகவே இதைப் பார்க்க வேண்டும்.

படி 11: அறிக்கை

பேசினால் எழுத்தாக்கும் செயலிகள் கையுறையோடு வேலை செய்பவருக்கு வரம். ஆனால் "இடது", "வலது", "இல்லை" ஆகிய மூன்று சொற்களைச் செயலி விழுங்கிவிட்டதா என்று ஒவ்வொரு வரியிலும் பாருங்கள்; ஒலிப்பதிவையும் சேர்த்து வையுங்கள். செயற்கை நுண்ணறிவால் படத்தைத் தெளிவாக்கும் கருவிகளைச் சான்றுப் படத்தில் பயன்படுத்தாதீர்கள். அவை இல்லாத புள்ளிகளைக் கற்பனை செய்து நிரப்புகின்றன. மங்கிய முகம் தெளிவாகத் தெரியும், ஆனால் அது யாருடைய முகமும் அல்ல. வெளிச்சம், மாறுபாடு போன்ற சாதாரணத் திருத்தங்கள் செய்தால், எதை எவ்வளவு என்று எழுதி, மூலத்தை இணைத்து வையுங்கள்.

உடற்கூறாய்வு செய்யும் மருத்துவரை அறிக்கை வரும்வரை காத்திருக்க வைக்காமல், சம்பவ இடத்தின் முப்பரிமாண மாதிரியும் வெப்ப அளவுகளும் கத்தி எடுக்கும் முன் அவரிடம் போய்ச் சேர வேண்டும். பல இடங்களில் இப்போது வெட்டும் முன் சிடி ஸ்கேன் எடுக்கிறார்கள். 1990-களின் இறுதியில் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் விர்டாப்சி என்று தொடங்கிய முயற்சி அது. உடலுக்குள் குண்டு போன பாதையை அந்த ஸ்கேனிலிருந்தும், சுவரில் துளை உள்ள இடத்தை அறை மாதிரியிலிருந்தும் எடுத்து ஒரே மென்பொருளில் பொருத்தலாம். இறந்தவர் நின்றாரா உட்கார்ந்தாரா என்பதற்கு இது வலுவான சோதனை. ஆனால் உடலை அந்த அறையில் எங்கே, எந்தக் கோணத்தில் வைப்பது என்பது ஊகம்.

நீதிமன்றத்துக்கான காட்சியில் அளந்தது எது, ஊகித்தது எது என்ற பிரிவு கண்ணுக்குத் தெரிய வேண்டும். அளவெடுத்த பரப்புகள் அவற்றின் சொந்த நிறத்தில் இருக்கட்டும். நின்ற உருவம், கை நீட்டிய துப்பாக்கி, குண்டின் பாதை என ஊகித்துச் சேர்த்தவை எல்லாம் சாம்பல் நிறத்தில் தனி அடுக்காக இருக்கட்டும். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்டால், ஒரே சொடுக்கில் அந்த அடுக்கை அணைத்துவிட்டு, ஸ்கேனர் உண்மையில் கண்டதை மட்டும் திரையில் காட்ட முடிய வேண்டும்.